மலிவு விலைப் பழைய கார்: முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினா, ஆர்.சி. புத்தகமா?

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து, தனியார் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரியும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு வாரம் இருமுறை தஞ்சாவூரில் டயாலிசிஸ் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் வாடகைக் காருக்கு 1,600 ரூபாய் ஆகிறது. சம்பளத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைகிறது. இந்நிலையில் அருகிலுள்ள ஊரில் கார் கன்சல்டிங் நடத்தும் ஒருவரிடம், 2008இல் பதிவான மாருதி 800 ஒன்றை 48,000 ரூபாய்க்குப் பேசி முடித்து, 8,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார்.

ஆர்.சி. புத்தகம் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் பெயரில் இருக்கிறது. அவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். அவருடைய மகன்தான் வண்டியைக் கன்சல்டிங்காரரிடம் விற்றிருக்கிறார். இறந்தவர் உயிருடன் இருந்தபோது தேதி போடாமல் கையெழுத்திட்டு வைத்த, பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்கள் இருக்கின்றன. பதினைந்து ஆண்டுப் பதிவுக்காலம் 2023இல் முடிந்து, இன்னும் புதுப்பிக்கப்படவில்லை. காப்பீடும் இல்லை. "பத்திரத்தில் எழுதித் தருகிறேன், டெலிவரி நோட் தருகிறேன், பெயர் மாற்றத்தை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், உள்ளூரில் ஓட்ட ஒன்றும் ஆகாது" என்கிறார் விற்பவர். பதினைந்து ஆண்டு கடந்த காரை அரசு பறிமுதல் செய்துவிடும் என்று வாசகரின் மனைவி அஞ்சுகிறார். "போனால் 48,000தானே போகும், அம்மாவுக்காக அந்த ஆபத்தை ஏற்கக் கூடாதா? போகிற வழியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியில் இறக்கிவிட்டு மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டால் பெட்ரோல் செலவும் தீருமே" என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் தேவை உண்மையானது. பழைய கார் வாங்க நினைத்ததிலும் தவறில்லை. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போய்வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வாரம் இருமுறை என்றால் 160 கிலோமீட்டர். நல்ல நிலையிலுள்ள ஒரு மாருதி 800 லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தாலும் பெட்ரோலுக்கு வாரம் 1,100 ரூபாயை ஒட்டித்தான் ஆகும். இன்று வாடகைக்கு வாரம் 3,200 ரூபாய் கொடுக்கிறீர்கள். பழுதுபார்க்கும் செலவைச் சேர்க்காமல் பார்த்தால் வாரத்துக்கு 2,100 ரூபாய் மிச்சம். எனவே கார் வேண்டுமா என்பதில் எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடு இல்லை. இந்தக் காரை, இந்த முறையில் வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அதற்கான காரணங்களை, உங்கள் கடிதத்தில் உள்ள சில தவறான எண்ணங்களைத் திருத்தியபடியே சொல்கிறேன்.

48,000 என்பது உங்கள் இழப்பின் எல்லை அல்ல

விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில், உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி "போனால் 48,000தானே போகும்" என்பதுதான். காரின் விலை குறைவாக இருப்பதால் அதனால் விளையக்கூடிய பொறுப்பும் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இழப்பீட்டைக் கணக்கிடும்போது மோதிய வண்டியின் விலையைப் பார்ப்பதில்லை. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்களின் எண்ணிக்கை, காயமடைந்தவரின் ஊனத்தின் அளவு, மருத்துவச் செலவு ஆகியவற்றையே பார்க்கிறது. குடும்பத்தைத் தாங்கிய இளைஞர் ஒருவர் உயிரிழந்தால் தொகை பல லட்சங்களுக்குப் போகும். காப்பீடு இருந்தால் அதை நிறுவனம் செலுத்தும். இல்லாவிட்டால், வண்டியை ஓட்டியவரும் உரிமையாளரும் தங்கள் சொத்திலிருந்தும் சம்பளத்திலிருந்தும் செலுத்த வேண்டியிருக்கும். 48,000 ரூபாய்க் காரும் 20 லட்ச ரூபாய்க் காரும் இந்த இடத்தில் ஒன்றுதான்.

இத்தனைக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைத் தொகை, 1,000 சிசிக்கு உட்பட்ட கார்களுக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய் என்று 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்டது. மாருதி 800இன் எஞ்சின் 796 சிசி. வரியையும் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பையும் சேர்த்தாலும், இரண்டு முறை தஞ்சாவூர் போய்வர நீங்கள் கொடுக்கும் வாடகையை ஒட்டித்தான் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு இந்தக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. இது இல்லாமல் ஓட்டினால் 196ஆம் பிரிவின்கீழ் முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

"ஆன்லைனில் காப்பீடு போட்டுக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொல்வது பாதி உண்மை. யார் பெயரில் போடுவீர்கள்? காலமானவர் பெயரில் பாலிசி எடுத்தால், இழப்பீட்டுக் கேட்பு எழும் நாளில் நிறுவனம் முதலில் எழுப்பும் ஆட்சேபம் அதுவாகவே இருக்கும். தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்ச ரூபாய்க்கானது. அது உரிமையாளராகவும் உரிமம் பெற்ற ஓட்டுநராகவும் இருப்பவருக்கு உரியது. ஆர்.சி. உங்கள் பெயரில் இல்லாத நிலையில் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், உங்கள் மனைவியும் தாயாரும் அந்தத் தொகையைக் கேட்டு நிற்பதற்கு உறுதியான அடிப்படை இருக்காது.

கையெழுத்திட்ட படிவங்களும் பத்திரமும்

நம் ஊர்களில் "ஓப்பன் ஃபார்ம்" என்று சொல்லி, கையெழுத்து மட்டும் போட்ட படிவங்களோடு வண்டியைக் கைமாற்றும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. பெரும்பாலும் தீய எண்ணம் இல்லாமல்தான் செய்கிறார்கள். ஆயினும் அது விற்பவர், வாங்குபவர் இருவரையுமே ஆபத்தில் நிறுத்துகிறது. சட்டத்தின் 2(30) பிரிவு, யார் பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அந்த வழக்கில் கார் 2007இல் விற்கப்பட்டு, அதன் பிறகும் கைமாறிக்கொண்டே போயிருந்தது. 2009இல் விபத்து நடந்தது. பெயர் மாற்றப்படாததால், காரை விற்றுவிட்ட முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. காரை எப்போதோ விற்றுவிட்ட மனிதர் மீது சுமை விழுந்தது. உங்கள் விஷயத்தில் பதிவு உரிமையாளர் உயிருடன் இல்லை என்பதால், வண்டியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்து ஓட்டியவரை நோக்கியே வழக்கு திரும்பும்.

பெயர் மாற்றத்துக்குச் சட்டம் தரும் அவகாசம் குறுகியது. ஒரே மாநிலத்துக்குள் விற்பனை என்றால், 50ஆம் பிரிவின்படி விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "எப்போது வேண்டுமானாலும்" என்பதற்கு அதில் இடமே இல்லை. பத்திரத்தில் எழுதும் ஒப்பந்தமும் டெலிவரி நோட்டும் இன்ன நாளில், இன்ன நேரத்தில் வண்டி கைமாறியது என்பதற்குச் சாட்சியமாகலாம். ஆகவே அவற்றை எழுதி வாங்குவது நல்லதே. ஆனால் ஆர்.சி.யின் இடத்தை அவை பிடிக்கா.

இன்னும் முக்கியமான ஒன்று. இறந்தவர் கையெழுத்திட்டு வைத்த படிவத்தில், அவர் இறந்த பிறகு ஒரு தேதியை நிரப்பி, அவரே விற்றதுபோல அலுவலகத்தில் கொடுப்பது பொய் ஆவணம் உருவாக்குவதாகும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவு பேசும் குற்றம் அது. தேதியைப் புரோக்கர்தான் எழுதினார் என்பது உங்களைக் காப்பாற்றாது. விண்ணப்பதாரராகக் கையொப்பமிடுபவர் நீங்கள். அரசு உதவி பெறாத பள்ளியாக இருந்தாலும், குற்ற வழக்கு ஒன்று ஆசிரியரின் வேலையை என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதற்கு நேரான வழி இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தகவல் தந்து, மூன்று மாதத்துக்குள் 31ஆம் எண் படிவத்தில் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டாலும் அபராதத்தோடு செய்ய முடியும். இறப்புச் சான்றிதழும், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மையும் தேவைப்படும். மகன் ஒருவர் விற்றார் என்கிறீர்கள். தாயார் இருக்கிறாரா, உடன்பிறந்தோர் உண்டா என்று கேட்டீர்களா? அவர்களுக்கும் அந்தக் காரில் பங்கு உண்டு. அவர்கள் சம்மதம் இல்லாத விற்பனை உங்களுக்கு முழு உரிமையைத் தராது.

பறிமுதல் பற்றிய அச்சம்

உங்கள் மனைவியின் அச்சத்தில் ஒரு பகுதி பிறர் சொல்லக் கேட்டு வந்தது. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தடை என்பது டெல்லியையும் அதைச் சூழ்ந்த தேசியத் தலைநகரப் பகுதியையும் பற்றியது. அங்குள்ள காற்று மாசுக்காக தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்து, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்திய உத்தரவு அது. தமிழ்நாட்டில் அது செல்லாது. 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட வாகன அழிப்புக் கொள்கையும், தகுதி ஆய்வில் தேறும் தனியார் காரை வயதை மட்டும் வைத்து ஒழிக்கச் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டு முடிந்த காரை ஆய்வுக்குக் கொண்டுபோய், 25ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டமே வழி செய்கிறது.

ஆனால் நீங்கள் பார்த்திருக்கும் கார் புதுப்பிக்கப்படாத கார். அந்த வகையில் உங்கள் மனைவியின் அச்சம் மிகச் சரி. பதிவு இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டினால் 192ஆம் பிரிவின்கீழ் அபராதம் உண்டு. வண்டியைப் பிடித்து நிறுத்தவும் அதிகாரம் உண்டு. காப்பீட்டையும் இது பாதிக்கும். தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு காரின் சேதத்துக்கான கேட்பை, அது அடிப்படை விதிமீறல் என்று சொல்லி 2014இல் நரிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிராகரித்திருக்கிறது. தாயாரைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகும் வழியில் வண்டியை நிறுத்திவைத்தால் அன்றைய டயாலிசிஸ் என்னவாகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

புதுப்பிக்கும் செலவு சிறியதல்ல. 2022 ஏப்ரல் முதல் பதினைந்து ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று மத்திய விதி சொல்கிறது. இரண்டு ஆண்டுத் தாமதத்துக்கே 12,000 ஆகிவிடும். தமிழ்நாட்டின் பசுமை வரி தனி. இருபது ஆண்டு கடந்தால் கட்டணம் 10,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்தியிருக்கிறார்கள். இந்தக் கார் 2028இல் அந்தப் படியை எட்டிவிடும். இக்கட்டணங்கள் அண்மைக் காலத்தில் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். 48,000 என்று நீங்கள் நினைக்கும் கார், சாலையில் முறைப்படி ஓடத் தகுதி பெறும்போது எழுபதாயிரத்தை நெருங்கிவிடும். அதற்குப் பிறகுதான் டயர், பேட்டரி, கிளட்ச் செலவெல்லாம்.

ஆர்.சி. புத்தகத்துக்குப் பிறகு வண்டி

நான் மெக்கானிக் அல்ல. ஆகவே இதில் உங்கள் நம்பிக்கைக்குரிய மெக்கானிக்கையே கூட்டிப்போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். ஆனால் சட்டமும் இயந்திரமும் சந்திக்கும் இடங்கள் சிலவற்றை என் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடியே வண்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். துருவேறி எண் படிக்க முடியாமல் போயிருந்தால், பென்சிலால் தேய்த்து அச்செடுக்க முடியாமல் ஆய்விலேயே வண்டி நின்றுவிடும். எஞ்சினை மாற்றியிருந்தாலும், எரிவாயு கிட் பொருத்தியிருந்தாலும் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடாக உள்ளது என்ற பதிவு இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமின்றிப் பெயர் மாறாது. கடன் அடைந்து பல ஆண்டுகள் ஆகியும் அதை நீக்காமல் விட்டவர்கள் ஏராளம். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தாலே பதிவுக்காலம், காப்பீடு, கடன் விவரம் ஆகியவை தெரியும். நிலுவை அபராதங்களை இ-சலான் தளத்திலும், வண்டி திருட்டு வழக்கில் உள்ளதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகனத் தடையின்மைச் சேவையிலும் பார்க்கலாம். இவற்றுக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

எஞ்சினைப் பொறுத்தவரை, குளிர்ந்த நிலையில் முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வாருங்கள். ஆயில் அளவுக் குச்சியில் ஆயில் பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் ரேடியேட்டர் நீர் எஞ்சினுக்குள் இறங்குகிறது என்று பொருள். அந்த வண்டியை விட்டுவிடுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாவிட்டால், வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னையில் வெள்ளத்தில் நின்ற கார்கள் மாநிலம் முழுவதும் கைமாறியிருக்கின்றன. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக அக்காலத்துக் கார்கள் உருவாக்கப்படவில்லை. பழைய ரப்பர்க் குழாய்கள் கசிகின்றனவா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும், பெட்ரோல் வாசனை வந்தால் ஓட்டக் கூடாது. மாருதி 800இன் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது என்றாலும் உதிரிபாகமும் வேலை தெரிந்தவர்களும் சிற்றூர்களில்கூடக் கிடைக்கிறார்கள். ஆகவே நீங்கள் தேர்ந்த மாடலில் எனக்குக் குறை இல்லை. காற்றுப்பை இல்லாத கார் அது என்பதை மட்டும் மறவாமல், பின்னிருக்கை உட்பட எல்லா பெல்ட்டுகளையும் சரிசெய்து, தாயாருக்கும் கட்டிவிடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி

பணம் பெற்றுக்கொண்டு அப்பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு ஓட்டுவது அனுமதிச் சீட்டில்லாமல் ஓட்டுவதாகும்; 192ஏ பிரிவின்கீழ் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இதைக் காட்டியே கைவிரிக்க முயலும். காயமடைந்த ஒரு குழந்தையின் பெற்றோர் முன் அந்த நிலையில் நீங்கள் நிற்கக் கூடாது.

இனி என்ன செய்யலாம்

உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, இதே காரை முறையாக வாங்குவது. வாரிசு தன் பெயருக்கு மாற்றி, பதிவைப் புதுப்பித்து, அதன் பின் உங்களுக்கு 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்திட வேண்டும். அதுவரை மீதிப் பணம் கொடுப்பதில்லை, வண்டியை எடுப்பதும் இல்லை, ஆய்வுக்குக் கொண்டுபோகும் பொறுப்பும் அவர்களுடையது என்று எழுதி வாங்குங்கள். இதற்கு மாதங்கள் ஆகலாம். இரண்டாவது, இதை விட்டுவிட்டு, பதிவு உயிரோடுள்ள, உரிமையாளரே நேரில் வந்து கையெழுத்திடக்கூடிய வேறொரு காரைத் தேடுவது. அதற்கு 20,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும், வாடகையில் மிச்சமாகும் தொகையில் மூன்று மாதத்துக்குள் அது ஈடாகிவிடும். நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது இரண்டாவதையே. புதுச்சேரி, கேரளப் பதிவு வண்டிகள் மலிவாகத் தோன்றினால், தடையின்மைச் சான்றும் தமிழ்நாட்டு ஆயுட்கால வரியும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு முடிவெடுங்கள்.

முன்பணத்தைப் பற்றி நீங்கள் தயங்க வேண்டாம். விற்பவர் தனிநபராக இருந்திருந்தால் நுகர்வோர் ஆணையத்தை நாடுவது கடினம். அவர் தொழிலாகச் செய்கிறவர் என்பதால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போக உங்களுக்கு வழி உண்டு. மேலும் 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும், அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு வண்டியும் 29சி படிவத்தில் அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று மத்திய விதி வந்துள்ளது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். பதிவுக்காலம் முடிந்ததையும் உரிமையாளர் இறந்ததையும் முன்பணம் வாங்கும்போது சொன்னாரா, பிறகு சொன்னாரா என்பதை நினைவுகூர்ந்து தேதியோடு எழுதிவையுங்கள். மறைத்துப் பணம் பெற்றிருந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்து 8,000 ரூபாயைத் திரும்பக் கேட்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. முதலில் பேசிப் பாருங்கள். பலர் இந்தக் கட்டத்திலேயே கொடுத்துவிடுவார்கள். மறுத்தால், பணம் அனுப்பியதற்கான சான்றை இணைத்து விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் கும்பகோணத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்துச் சமரசத்துக்கு அழைக்கச் செய்யலாம். சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச எண் 15100. வேறு கார் அமையும் வரை தாயாரின் சிகிச்சை நாட்களுக்கு இப்போதுள்ள வாடகைக் காரையே தொடருங்கள். அமைந்த பிறகும் அந்த ஓட்டுநரின் எண்ணைக் கைவிடாதீர்கள், ஏனெனில் பழைய கார் காலையில் கிளம்ப மறுக்கும் நாள் டயாலிசிஸ் நாளாகவும் இருக்கக்கூடும்.